தாவரக் கலத்தில் இழைமணி இருக்கிறதா? பிள்ளைகள் ஏன் இல்லை என்கிறார்கள்?

இருக்கிறது. நீங்களும் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

"விலங்குக்கு இழைமணி, தாவரத்துக்குப் பச்சையவுருமணி" என்று பிள்ளைகள் காணி பிரித்த மாதிரிப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். பச்சையவுருமணி சீனியைத் தயாரிக்கும். அதை உடைத்துச் சக்தி எடுக்கத் தாவரத்துக்கும் இழைமணி வேண்டும். பாடசாலை நுணுக்குக்காட்டியில் அது தெரியாததால் சொன்னாலும் நம்புகிறார்களில்லை.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இரணைமடுத் தண்ணீர் பாயும் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 10க்கு வெங்காய உரியில் அயடீன் விட்டுக் காட்டி, வரையச் சொன்னேன். ஒருத்தி கலச்சுவர், கரு, ஓரத்தில் குழியவுரு எல்லாம் வரைந்து பச்சையவுருமணியை விட்டுவிட்டாள். இரண்டு புள்ளி வெட்டினேன். கொப்பியோடு வந்து நின்றாள்.

"ரீச்சர், வெங்காயம் மண்ணுக்குள்ளதானே. அதில பச்சை எங்கால வரும்?"

மற்றவர்கள் எல்லாரும் புத்தகப் படத்தைப் பார்த்துப் பச்சைப் பொட்டு வைத்திருந்தார்கள். அவர்களுக்கு முழுப் புள்ளி போட்டவள் நான்! படத்தில் பிழை என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். அது எல்லா உறுப்பையும் ஓரிடத்தில் காட்டும் மாதிரிப்படம். வெங்காய உரியில் அப்படியே தேடினால் கிடைக்காது.

அடுத்த கிழமை வாய்க்காலில் ஐதரில்லா என்ற நீர்ச்செடியைப் பிடுங்கி வந்தேன். சாயமே தேவையில்லை. பச்சை மணிகள் கலத்தின் ஓரமாக ஊர்ந்து போயின. நடுவில் ஏன் போகவில்லை என்று கேட்டார்கள். அங்கே புன்வெற்றிடம், அதுதான் சாறு நிரம்பிய பை, இடத்தைப் பிடித்திருக்கிறது என்றேன்.

இழைமணிக்கு என்ன காட்டுவது? காலபோக விதைப்பு நேரம், ஊறவைத்த விதைநெல்லைச் சாக்கில் முளைக்கட்டியிருந்தார்கள். கையை உள்ளே விடச் சொன்னேன். சுட்டது. முளை பச்சை பிடிக்கவில்லை, சாக்குக்குள் வெளிச்சமும் இல்லை. அந்தச் சூடு சுவாசத்தில் வருகிறது, சுவாசத்தின் பெரும்பகுதி இழைமணியில் நடக்கிறது. அதற்குப் பிறகு "தாவரம் இரவில் மட்டும் சுவாசிக்கும்" என்பதையும் இரண்டு பேர் தாங்களாகவே அழித்தார்கள்.

ஒன்று சொல்லாமல் விட்டால் எனக்கு ஆறாது. அந்தப் பிள்ளை முதல் பாடத்துக்குப் பாதி நாள் வருவதில்லை. சீசன் டிக்கெட் பிள்ளைகளைக் கண்டால் பஸ் நிற்பதில்லை. நுணுக்குக்காட்டி வைத்த அன்றைக்கும் ஓடி வந்து, கடைசி ஆளாகத்தான் பார்த்தாள். வெட்டிய இரண்டு புள்ளியையும் திருப்பிப் போட்டேன். "சரி ரீச்சர்" என்று கொப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.