கல்லாவை எண்ணாத கணக்கு

ஐயா,

வணக்கம். ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 36. ஒவ்வொரு ஜனவரியிலும் புது நோட்டு வாங்கி இலக்குகளை எழுதிவைப்பது வழக்கம். இந்த ஆண்டு நான்கு: 50 புத்தகம் படிப்பது, தினமும் 10,000 அடி நடப்பது, ஒரு மணிநேரம் ஆங்கிலம், ஒரு மணிநேரம் எழுத்து. கடை வாழ்க்கையை வைத்து ஒரு நாவல் எழுதுகிறேன். ஞாயிறுதோறும் உட்கார்ந்து அந்த வாரத்தை நேர்மையாகப் பரிசீலித்து நோட்டில் எழுதுவேன். நோட்டைப் பார்த்தால் பாதிக்கு மேல் நிறைவேறியதுபோலத்தான் இருக்கிறது. ஆனால் கையில் ஒன்றும் இல்லை. ஆகஸ்ட் நடுப்பகுதி வரை 11 புத்தகம். அதிலும் மார்ச்சில் எண்ணிக்கைக்காக மெல்லிய புத்தகங்களாகத் தேடிப் படித்தேன். நாவல் 19 பக்கத்தில் நிற்கிறது. காலை 9 மணிக்குக் கிளம்பினால் இரவு 9 ஆகிவிடும் வீடு திரும்ப. எனக்கு மனவுறுதி இல்லையா? நண்பர் ஒருவர் ஏதோ செயலி சொல்கிறார். இன்னொருவர், இலக்கை முகநூலில் அறிவித்துவிட்டால் வெட்கத்துக்காவது செய்வோம் என்கிறார். நான் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லலாமா?

க.

அன்புள்ள க.,

மனவுறுதியை முதலில் ஓரமாக வைப்போம். பன்னிரண்டு மணிநேரம் வெளியே கழித்துவிட்டு வந்து 19 பக்கம் எழுதியிருக்கிறவரிடம் அந்தப் பேச்சு எதற்கு? உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய வரி வேறு. நோட்டில் பாதிக்கு மேல் நிறைவேறியிருக்கிறது, கையில் ஒன்றும் இல்லை என்கிறீர்களே, அது. கொஞ்ச நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நாள்வழியில் இருப்பு இருக்கிறது, கல்லாவில் பணம் இல்லை. கடையில் இப்படி நடந்தால் உங்கள் முதலாளி அதை மனவுறுதிக் குறைவு என்றா சொல்வார்?

உங்கள் கோளாறு ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது. கடைப்பையன் ஒருவன் திங்கள் முதல் சனி வரை பில் போடாமல் விற்றுவிட்டு, ஞாயிறு காலை காப்பியை வைத்துக்கொண்டு "செவ்வாய் ஒரு நாற்பதாயிரம் ஓடியிருக்கும்" என்று எழுதினால் அவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிவிடுவீர்கள். பிறகு வீட்டுக்கு வந்து, அதே காரியத்தை உங்கள் வாழ்க்கைக்குச் செய்துகொண்டு, அதற்கு "நேர்மையாகப் பரிசீலித்தல்" என்று பெயரும் வைத்திருக்கிறீர்கள். நீங்கள் பொய் சொல்கிறவர் என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் பொய்தான் எழுத வரும்.

2002இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு இருக்கிறது. நாட்பட்ட வலி உள்ளவர்களிடம் தாளில் குறிப்பேடு கொடுத்து, தினமும் குறித்த வேளைகளில் வலியைப் பதியச் சொன்னார்கள். மூன்று வாரம். அவர்களுக்குத் தெரியாத ஒன்று, அந்தத் தாள்கள் இருந்த கோப்பின் அட்டைக்குள் வெளிச்சத்தை உணரும் சில்லு இருந்தது. கோப்பு எப்போது திறக்கப்பட்டது என்பதை அது குறித்துக்கொண்டே வந்தது. தாள்களைத் திரும்ப வாங்கிப் பார்த்தால் 90 சதவீதப் பதிவுகள் சரியான நேரத்தில் எழுதியதாக இருந்தன. சில்லின் கணக்கில் 11 சதவீதம். கோப்பே திறக்கப்படாத நாட்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அந்த நாட்களுக்கும் பதிவுகள் ஒழுங்காக, தேதி நேரத்தோடு இருந்தன. அவர்கள் மோசடிக்காரர்கள் இல்லை. வலியோடு இருக்கும் சாதாரண மனிதர்கள், மருத்துவருக்கு உதவத்தான் நினைத்தவர்கள். அதே ஆய்வில் இன்னொரு குழுவுக்கு, நேரம் கடந்தால் பதிவை ஏற்காத மின்கருவியைக் கொடுத்தார்கள். அவர்கள் 94 சதவீதம் நேரத்துக்குப் பதிந்தார்கள். ஒரே மாதிரியான மனிதர்கள், ஒரே வலி. பின்னால் போய் நிரப்ப முடியுமா முடியாதா என்ற ஒன்றுதான் மாறியது.

செயலி பற்றிய உங்கள் கேள்விக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. நேற்றைய கட்டத்தை இன்று நிரப்ப விடும் செயலி என்றால் அழித்துவிடுங்கள். மற்றபடி எதுவானாலும் சரி.

ஞாபகம் தவறும்போது ஒரே பக்கமாகத்தான் சாய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1992இல், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று வந்தவர்களை அளந்து பார்த்தார்கள். உண்மையில் சாப்பிட்டதைவிட 47 சதவீதம் குறைவாகவும், செய்த உடலுழைப்பைவிட 51 சதவீதம் அதிகமாகவும் சொல்லியிருந்தார்கள். செலவு குறைகிறது, வரவு கூடுகிறது. எந்தக் கணக்காளருக்கும் பழகிய கைச்சரக்குதான்.

சரி, நோட்டுக்கு வருவோம். நாற்பது பக்க நோட்டு போதும். வாரத்துக்கு ஒரு பக்கம், ஏழு வரி. கட்டங்கள் ஐந்து: தேதி, சொன்னது, செய்தது, எழுதிய மணி, காரணம். ஒரு நோட்டில் ஒரு இலக்குதான். நான்கையும் ஒரே பக்கத்தில் அடைத்தால் ஒன்றில் கிடைத்த நிறைவு மற்ற மூன்றின் ஓட்டையை மூடிவிடும். "சொன்னது" கட்டத்தை சனி இரவே வாரம் முழுமைக்கும் பேனாவில் எழுதிவிட வேண்டும். அதை வாரத்தின் நடுவில் தொடக் கூடாது. "செய்தது" என்பது வேலை முடிந்த பத்து நிமிடத்துக்குள், எண்ணாக மட்டும். "நன்றாகப் படித்தேன்" என்றெல்லாம் எழுதாதீர்கள், யாரும் கேட்கவில்லை. பக்கத்திலேயே மணி. நோட்டு காரியம் நடக்கும் இடத்திலேயே கிடக்க வேண்டும், படிக்கும் நாற்காலிக்கு அருகில், பேனாவைக் கயிற்றில் கட்டி. அலமாரியில் இருக்கும் நோட்டில் எழுதுவதற்கு எழுந்து போக மாட்டீர்கள்.

தூங்கப் போகும்வரை எழுதவில்லை என்றால் மறுநாள் காலை அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். பூச்சியம் வேறு, கோடு வேறு. பூச்சியம் என்றால் செய்யவில்லை என்று தெரியும். கோடு என்றால் எழுதவில்லை, ஆகவே தெரியாது. "உண்மையிலேயே படித்தேனே, எழுதத்தானே மறந்தேன்" என்று மனம் கெஞ்சும். கெஞ்சட்டும், கோடுதான். இந்த ஒரு இடத்தில் இளகினால் மூன்றாவது வாரம் பழைய ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்துவிடும்.

ஞாயிறு பதினைந்து நிமிடம் போதும். அன்று புதிதாக எதையும் பதியக் கூடாது; கூட்டுவது, சரிபார்ப்பது, அவ்வளவே. சரிபார்ப்பது என்றால் கல்லாவை எண்ணுவது. போன ஞாயிறு, படித்த இடத்தைக் காட்டப் புத்தகத்தில் வைக்கும் அடையாள அட்டை 112ஆம் பக்கத்தில் இருந்தது, இன்று 171இல் இருக்கிறது, அதாவது 59 பக்கம். நோட்டின் கூட்டல் 80 என்கிறது. 21 பக்கம் எங்கே? புத்தகத்தில் தேடாதீர்கள், நோட்டின் மணிக் கட்டத்தைப் பாருங்கள். எல்லாப் பதிவும் இரவு 11.30க்கு ஒரே மையில் வரிசையாக இருந்தால் விஷயம் தெரிந்துவிடும். நாவலுக்குக் கல்லா கைப்பிரதியின் பக்க எண், நடைக்கு போனில் இருக்கும் அடிக்கணக்கு. கல்லாவே இல்லாத இலக்கை நோட்டில் ஏற்றாதீர்கள்.

இப்போது உங்கள் ஜனவரி பட்ஜெட். நியாயமாக நான் கத்த வேண்டிய இடம் இதுதான். 50 புத்தகம், சராசரி 250 பக்கம் என்றால் 12,500 பக்கம். நாளுக்கு 34. பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வைத்தால் 68 நிமிடம். 10,000 அடியில் கடைக்குள்ளேயே 4,000 கழிந்துவிடும் என்று வைத்தாலும் மீதிக்கு ஒரு மணிநேரம். (அந்தப் பத்தாயிரம் 1965இல் ஜப்பானில் விற்ற ஓர் அடிமானியின் பெயரிலிருந்து கிளம்பியது. பத்தாயிரம் அடி அளவி என்றுதான் அந்தப் பெயருக்குப் பொருள். மருத்துவர் சீட்டு மாதிரி அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.) ஆங்கிலம் 60, எழுத்து 60. மொத்தம் 248 நிமிடம். வரவுப் பக்கம் பார்ப்போம். 24 மணியில் 12 வெளியே, 7 தூக்கம். மிச்சம் 300 நிமிடம். குளியல், சாப்பாடு, மார்க்கெட், வீட்டாரோடு நாலு வார்த்தை என்று பாதி போனால் 150. கையில் 150 வைத்துக்கொண்டு 248க்குச் செக் எழுதியிருக்கிறீர்கள், ஒவ்வொரு நாளும், வருடம் முழுக்க. அது திரும்பி வந்தது என்று எட்டு மாதமாக உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள்.

150இல் 50ஐத் தொடாமல் விடுங்கள். காய்ச்சலும் விருந்தாளியும் மின்வெட்டும் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். மீதி 100. ஆங்கிலத்தை எடுத்துவிடலாம், எதற்காகக் கற்கிறீர்கள் என்றே கடிதத்தில் இல்லை. நடை 30, எழுத்து 40, படிப்பு 30. முப்பது நிமிடத்தில் 15 பக்கம். இதுவே உங்கள் உண்மையான ஓட்டத்தைவிடக் கூடுதல் என்று தெரியுமா? 11 புத்தகம், 230 நாள், மெல்லியவற்றையும் சேர்த்தே நாளுக்குப் பன்னிரண்டு பக்கத்துக்கு மேல் வராது. அதற்கு மேல் மூன்று வையுங்கள், முப்பத்துநான்குக்குத் தாவாதீர்கள். எண்ணிக்கையைப் புத்தகத்தில் வைத்ததால்தான் மார்ச்சில் மெல்லிய புத்தகம் தேட வேண்டிவந்தது. பக்கத்தில் வைத்தால் அந்த ஆசை பாதி அடங்கும். பெரிய எழுத்துப் புத்தகங்களைத் தேடுவீர்களோ என்னவோ.

ஜவுளிக்கடைக்காரர் நீங்கள், ஆண்டின் எல்லா வாரத்துக்கும் ஒரே எண்ணை எழுதியது எப்படி? ஆடித் தள்ளுபடி இப்போதுதான் முடிந்திருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய ஐந்து வாரம் வரப்போகிறது. அந்த வாரங்களுக்குச் "சொன்னது" கட்டத்தில் 5 பக்கம் என்று இப்போதே எழுதுங்கள், எழுத்துக்கு 0. முன்கூட்டி எழுதிய பூச்சியம் திட்டம். அக்டோபரில் வந்து விழும் பூச்சியம்தான் ஆளைச் சாய்க்கும்.

இன்னொரு தொழில் நோய் உங்களுக்கு இருக்கும் என்று சந்தேகிக்கிறேன், பாக்கியை முன்கொண்டு போவது. மூன்று நாள் படிக்கவில்லை, ஆகவே நாலாம் நாள் 136 பக்கம் என்று எழுதியிருப்பீர்கள். அதுவும் நடக்காது, ஐந்தாம் நாள் 170. இதற்குப் பிறகு நோட்டைத் திறக்கவே கூசும். வாராக்கடன் என்று தள்ளிவிட்டு மறுநாள் 15இலிருந்து தொடங்குங்கள். லண்டனில் பழக்கம் படிவதை ஆராய்ந்தவர்கள், இடையில் ஒரு நாள் விட்டுப்போவதால் பெரிய கேடு இல்லை என்றே கண்டார்கள். பழக்கம் படிய ஆனது 18 முதல் 254 நாள் வரை, நடுமதிப்பு 66. 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்ற கதையை யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

காரணக் கட்டத்தில் "நேரமில்லை" என்ற சொல்லுக்குத் தடை. நான்கு எழுத்து போதும். ம என்றால் மறந்தேன். த என்றால் வெளித் தடை. அ என்றால் அளவு அதிகம். வி என்றால் விருப்பமில்லை. மாதக் கடைசியில் எண்ணுங்கள். ம அதிகமென்றால் நேரத்தையும் இடத்தையும் ஏற்கெனவே நடக்கும் ஒரு காரியத்தோடு கட்டுங்கள்: இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவியதும் நாற்காலி. த அதிகமென்றால் வேளையை மாற்றுங்கள், அநேகமாக விடிகாலைக்கு. அ என்றால் பாதியாக்குங்கள், கூச்சப்படாமல். வி மூன்று வாரம் தொடர்ந்தால் தேதி போட்டு "கைவிட்டேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டு அந்த நோட்டை மூடுங்கள். மூடாமல் இழுத்துக்கொண்டு போகும் இலக்குதான் மற்ற இலக்குகளின் நேரத்தையும் தின்னும்.

பழைய அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்ளின் பெயர் இந்த இடத்தில் எப்படியும் வரும், நானே சொல்லிவிடுகிறேன். தன்னைத் திருத்திக்கொள்ள அவர் வைத்த முறை இது: பதின்மூன்று நற்குணங்கள், வாரத்துக்கு ஒன்றில் முழுக் கவனம், ஆண்டுக்கு நான்கு சுற்று. சிறு நோட்டில் சிவப்பு மையில் கட்டம், தவறிய இடத்தில் கரும்புள்ளி. எல்லோரும் இதை மட்டும் எடுத்துச் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அழிப்பு. புதுச் சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகி, பிறகு தந்தத் தகடுகளுக்கு மாறினார். அதில் பென்சிலால் குறித்துவிட்டு ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம். அவ்வளவு பெரிய மனிதர் அந்த இடத்தில் சறுக்கினார் என்பேன். போன சுற்றின் புள்ளிகள் துடைக்கப்பட்டபின் இந்தச் சுற்றோடு எதை ஒப்பிடுவது? ஞாபகத்தைத்தான். சுற்று ஆண்டுக்கு ஒன்றாகி, பல ஆண்டுக்கு ஒன்றாகி, கடைசியில் நின்றும் போனது. "ஒழுங்கு" என்ற குணத்தில் தனக்கு முன்னேற்றம் மிகக் குறைவு என்று அவர் ஒப்புக்கொண்டதை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் பேனாவிலேயே எழுதுங்கள், தந்தத் தகடு வாங்காதீர்கள்.

கேட்டதை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டேன். முகநூல் வேண்டாம். "நாவல் எழுதுகிறேன்" என்று போட்டதும் ஐம்பது பேர் வாழ்த்துவார்கள், எழுதிவிட்ட திருப்தி அன்றே வந்துவிடும், கைப்பிரதி 19இலேயே நிற்கும். மனைவியிடம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, நோட்டைச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் வைத்தால் அவரே கேட்பார். ஞாயிறு அன்று அடையாள அட்டை இருக்கும் பக்கத்தை அவர் வாசித்துச் சொல்லட்டும், நீங்கள் கழித்துப் பாருங்கள். கடையிலும் கல்லாவை எண்ணுகிறவரும் நாள்வழி எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்க விடமாட்டார்கள் அல்லவா?