மூச்சைக் கவனித்தால் படபடப்பு கூடுகிறதா? உள்ளங்காலில் தொடங்குங்கள்

கேள்வி: இந்தக் கணத்தில் இருக்க 'கிரவுண்டிங்' தியானம் உதவும் என்கிறார்கள். கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் எனக்குப் படபடப்புதான் கூடுகிறது. எப்படிச் செய்வது?

பதில்:

மூச்சை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உள்ளங்கால் போதும்.

மூச்சு தானாகவும் நடக்கும், நாம் இழுத்தாலும் நடக்கும். சிக்கலே அதில்தான். பதற்றத்தில் இருப்பவர் அதைக் கவனிக்க ஆரம்பித்ததும் தன்னையறியாமல் ஆழமாக இழுப்பார். தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறையும். தலை லேசாகக் கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதட்டோரமும் மதமதக்கும். 'ஐயோ, என்னமோ ஆகுது' என்ற பயத்தில் மூச்சு இன்னும் வேகமாகும். உங்களுக்கு நடப்பதும் பெரும்பாலும் இதுவாக இருக்கலாம். காலிடம் இந்த வம்பு கிடையாது. அது பாட்டுக்குத் தரையில் கிடக்கும்.

'கிரவுண்டிங்' என்ற இதே பெயரில், வெறுங்காலோடு மண்ணில் நின்றால் உடம்புக்குள் எலக்ட்ரான் ஏறும் என்று சொல்லி விரிப்பு விற்கிறார்கள். அது வேறு சமாச்சாரம். நாம் பேசுவது கவனத்தைப் பற்றி மட்டும். மொசைக் தரை, மூன்றாவது மாடி, பஸ் சீட், எங்கே இருந்தாலும் செய்யலாம்.

முதலில் உட்காரும் விதம். கைப்பிடி இல்லாத சாதாரண நாற்காலி நல்லது. சம்மணம் இப்போது வேண்டாம். முட்டிக்குப் பக்கத்தில் நரம்பு அழுந்திக் கால் மரத்துப்போனால் கவனிக்க எதுவும் மிஞ்சாது. முழு உள்ளங்காலும் தரையில் பட வேண்டும். குட்டையானவர்களுக்குக் குதிகால் தூக்கிக்கொண்டு நிற்கும். அடியில் ஒரு மணையைப் போடுங்கள். செருப்பைக் கழற்றிவிடுங்கள். கண்ணை மூட வேண்டியதில்லை, நாலைந்து அடி தள்ளித் தரையில் ஓர் இடத்தைப் பார்த்தபடி இருந்தால் போதும். ஏழு நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். போனைக் கை எட்டாத தூரத்தில் வையுங்கள்.

இப்போது இடது குதிகால். தரையில் படும் இடம் வட்டமாக இருக்கிறதா, ஓரத்தில் மட்டும் அழுந்துகிறதா? அங்கிருந்து காலின் வெளி ஓரம் வழியாகச் சுண்டுவிரலுக்கு வாருங்கள். நடுவில் உள்ள வளைவு பலருக்குத் தரையைத் தொடாது. அந்தத் 'தொடாமை'யையும் உணர முடியும், லேசான காற்றாகவோ வெதுவெதுப்பாகவோ. பிறகு பெருவிரலுக்குக் கீழே உள்ள மேடு, கடைசியில் விரல் நுனிகள். ஒரு காலுக்கு ஒரு நிமிடம், அடுத்து வலது கால். அதன்பின் இரண்டையும் சேர்த்து.

இந்த இடத்தில்தான் பெரும்பாலும் தவறு நடக்கும். காலை உணர்வதற்குப் பதில் காலைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்போம். மனசுக்குள் உங்கள் காலின் படம் தெரிந்தால் அது நினைப்பு. குளிர்ச்சி, அழுத்தம், சொரசொரப்பு, துடிப்பு என்று தெரிந்தால் அது உணர்வு. சந்தேகமாக இருந்தால் பெருவிரலைத் தரையில் ஒருமுறை அழுத்தி விடுங்கள். அழுத்தும்போது வந்த விறுவிறுப்பு எங்கே தொடங்கி எங்கே அடங்கியது என்று பாருங்கள். வித்தியாசம் உடனே பிடிபடும்.

இரண்டு நிமிடத்தில் 'ஒன்றும் தெரியவில்லையே' என்று தோன்றும். அது உங்கள் குறை அல்ல. தோலில் உள்ள தொடு உணர்வு நரம்பு முனைகள் மாற்றத்துக்குத்தான் நன்றாகப் பதில் சொல்லும்; மாறாத அழுத்தத்தைச் சீக்கிரமே அடக்கி வாசிக்கும். காலையில் கட்டிய வாட்ச் பத்து மணிக்கு நினைவில் இல்லாமல் போவதும் இதனால்தான். தரையின் குளிர்ச்சியும் இப்படித்தான் மறையும். ஆகவே 30 வினாடிக்கு ஒருமுறை எடையைக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே சாயுங்கள். பார்ப்பவருக்குத் தெரியாத அளவு அசைவே போதும்.

மனம் ஓடும். ஈபி பில், மதியச் சண்டை, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் என்று எங்காவது போகும். போனது தெரிந்ததும் 'யோசனை' என்று ஒரே சொல்லில் குறித்துவிட்டு இடது குதிகாலுக்குத் திரும்புங்கள். ஏழு நிமிடத்தில் இருபது தடவை திரும்பினால் இருபது தடவை பயிற்சி நடந்தது என்று அர்த்தம். பெயர் சொல்லிக் குறிக்கும் இந்த முறையைப் பரவலாக்கியவர் பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயாடோ. அவர் வழியில் நடைத் தியானமும் உண்டு. உட்கார்ந்தால் தூங்கி விழுபவர்களுக்கு நான் அதையே சொல்வேன். மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து எட்டு தூரம். முதல் ஐந்து நிமிடம் 'இடது, வலது'. பிறகு வேகத்தைக் குறைத்து 'தூக்கு, நகர்த்து, வை'. ரொம்ப மெதுவாக நடந்தால் தள்ளாட்டம் வந்து கவனமெல்லாம் விழாமல் இருப்பதிலேயே போய்விடும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள், பதினோரு மணித் தளத்தில் தியானம் வராது, கொப்புளம்தான் வரும்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது; குத்தினாலும் சுட்டாலும் தெரியாது. அவர்கள் உள்ளங்கையைத் தொடையில் வைத்துக் கையின் கனத்தையும் சூட்டையும் கவனிக்கலாம். நாற்காலியில் பிட்டத்தின் இரண்டு எலும்புகள் அழுந்தும் இடமும் நல்ல பிடிப்பு.

'5-4-3-2-1' என்று ஒன்று சொல்வார்கள்: பார்ப்பவை ஐந்து, தொடுபவை நான்கு, கேட்பவை மூன்று, மணம் இரண்டு, சுவை ஒன்று. படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது அது முதலுதவி, தினசரிப் பயிற்சிக்கு ஈடாகாது. பலர் வாய்ப்பாடு மாதிரி 'ஃபேன், கதவு, டேபிள்' என்று ஒப்பித்துவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். ஃபேன் என்று சொல்வதோடு நிறுத்தாமல் இறக்கையின் ஓரத்தில் படிந்த தூசிவரை பாருங்கள். ஒரு பொருளுக்கு இரண்டு மூச்சு நேரமாவது கொடுங்கள்.

பழைய அதிர்ச்சி ஏதாவது இருந்து, உடம்பைக் கவனிக்கும்போது அந்தக் காட்சிகள் வந்தால் தொடராதீர்கள். எழுந்து முகம் கழுவுங்கள், யாரிடமாவது பேசுங்கள். அடிக்கடி நடந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

தினமும் ஒரே நேரத்தில் ஏழு நிமிடம், இரண்டு வாரம் செய்யுங்கள். பிறகு நிமிடத்தைக் கூட்டுவதைவிட நாளுக்குள் சிதறவிடுவது பலன் தரும். கட்டிலிலிருந்து இறங்கும் முதல் இரண்டு எட்டு, தோசைக்கல் காயும்வரை அடுப்படியில் நிற்கும் நேரம். டூவீலரில் போகிறவர்களுக்குச் சிக்னல்: சிவப்பு விழுந்து காலை ஊன்றியதும் பார்வை ரோட்டிலேயே இருக்கட்டும், செருப்புக்கு அடியில் இருப்பது தாரா, ஜல்லியா, மணலா என்று மட்டும் பாருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள்; பச்சை விழுந்துவிட்டது, கிளம்புங்கள்.