உயரம் குறைந்திருக்கிறதே, அம்மா!

கடிதத்தில் பத்துக் கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். உங்களை உறங்கவிடாத கேள்வி ஒன்றுதான்: உங்கள் தாயாரைப் போல உங்களுக்கும் கூன் விழுந்துவிடுமா, உடலின் மையத் தசைகளை வலுவாக்கும் பிலாட்டிஸ் என்ற உடற்பயிற்சியைச் செய்தால் அதைத் தடுக்கலாமா?

பிலாட்டிஸ் உதவும். ஆனால் இந்த வாரமே வகுப்பில் சேர்ந்துவிடாதீர்கள். கல்யாணத்தின்போது 158 செ.மீ. இருந்த நீங்கள் 59 வயதில் 153 செ.மீ. ஆகிவிட்டீர்கள், நைட்டி தரையில் உரசுகிறது என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த வரிதான்.

மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு இளமையில் இருந்த உயரத்தைவிட 4 செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தால், முதுகெலும்புக் கட்டை ஏதும் நசுங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். இத்தகைய முறிவுகள் பெரும்பாலும் சத்தமில்லாமல் நடந்துவிடும். வயதானால் முதுகு வலிக்கத்தான் செய்யும் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். எலும்பு அடர்த்திக்கான டெக்ஸா பரிசோதனையும் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் வீடியோவில் பார்த்த ரோல் அப், ஹண்ட்ரட், பந்துபோல் உருளுவது ஆகிய பிலாட்டிஸ் பயிற்சிகள் எல்லாமே முதுகை முன்னால் வளைப்பவை. அடர்த்தி குறைந்து புரையோடிய எலும்பில் அந்தப் பாரம் முழுவதும் கட்டையின் முன்விளிம்பில் இறங்கும். இப்படி எலும்புப்புரை இருந்த 59 பெண்களை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை மருத்துவர்கள் ஆராய்ந்து 1984-இல் வெளியிட்டார்கள். முன்னால் வளையும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதத்தினருக்குப் புதிதாகக் கட்டைகள் நசுங்கின. பின்னால் நிமிரும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதத்தினருக்குத்தான். சிறிய ஆய்வுதான், ஆனாலும் நான் மறப்பதில்லை. உங்கள் எலும்பின் நிலை அந்த வீடியோக்காரருக்கு எப்படித் தெரியும்?

எக்ஸ்ரே பார்த்தபின் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் தொடங்குங்கள். குப்புறப் படுத்து நெஞ்சை மெல்ல உயர்த்துவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, வயிற்றைப் பட்டைபோலச் சுற்றியிருக்கும் ஆழத் தசையை மூச்சோடு இறுக்குவது ஆகியவை முதுகை நிமிர்த்தி, தடுமாற்றத்தைக் குறைக்கும். குடத்தைத் தூக்கும்போதும் படியேறும்போதும் அந்தப் பலன் தெரியும். எலும்பு உறுதிப்பட இது மட்டும் போதாது. நடையும், எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும்.

உங்கள் மற்றக் கேள்விகளுக்கு வருகிறேன். முழங்காலில் வலியில்லாமல் கேட்கும் 'டக்' சத்தத்தை மறந்துவிடுங்கள். விலை உயர்ந்த இயந்திரம் தேவையில்லை, தரையில் விரிப்பு போதும். ஆரம்பிக்க 59 வயது தாமதமும் இல்லை.

மூட்டுவலிக்கு இரண்டு வருடமாகச் சீட்டில்லாமல் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைதான் எனக்குக் கோபமூட்டுகிறது. அட்டையில் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு, எலும்பை அரிக்கக்கூடியது. பெயரில்லாத பொட்டலமாக இருந்தால் அதை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். இதைப் படித்துவிட்டுப் பயத்தில் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. படிப்படியாகக் குறைக்க அவர் சொல்லித்தருவார்.