மறுமொழி: எட்டாம் வகுப்பு மகளுக்கு வடிவியல் என்றாலே பயம்

தேற்றத்தை வரி விடாமல் ஒப்பிக்கிறாள், படத்தைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் அழுதுவிடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். கணக்கு வராத பிள்ளை இல்லை அவள். பார்த்துப் பழகும் முன்பே மனப்பாடம் செய்ய வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். டியூஷனைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

ஒரு டப்பா மூடியை வைத்து வட்டம் வரையச் சொல்லி, மையம் எங்கே என்று கேளுங்கள். திணறட்டும், நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது (பெற்றோருக்கு இதுதான் பெரிய கஷ்டம்). அப்புறம் ஒரு ஏ4 தாள் கொடுங்கள். தாளின் மூலையை வட்டக் கோட்டின் மேல் வைத்து, இரு ஓரங்களும் வட்டத்தை வெட்டும் இடங்களைக் குறித்து, கோட்டால் இணைக்கட்டும். மூலையை நகர்த்தி இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுமே விட்டங்கள், அவை சந்திக்கும் இடமே மையம்.

ஏன் என்று அவளே கேட்பாள். மையத்திலிருந்து மூலை தொட்ட புள்ளிக்கு ஓர் ஆரம் வரைந்தால் இரண்டு இருசமபக்க முக்கோணங்கள். சம கோணங்களுக்கு ஒரே நிறம் தீட்டச் சொல்லுங்கள். பெரிய முக்கோணத்தின் 180 பாகையில் ஒவ்வொரு நிறமும் இரண்டு முறை, மூலையில் ஒரே முறை. அப்படியென்றால் மூலை 90. அரைவட்டக் கோணம் பற்றிய தேற்றம் இதுதான்.

முதலில் உருவம், பிறகு அதன் பண்புகள், அதற்கப்புறம்தான் நிரூபணம். படி தாண்ட முடியாது என்று நெதர்லாந்தின் கணித ஆசிரியர்களான வான் ஹீலே தம்பதி 1957-லேயே சொல்லிவிட்டார்கள்.

பரீட்சைக்கு என்ன செய்வது என்றால், காரணத்தை இப்போதைக்கு அவள் வார்த்தையிலேயே எழுதட்டும். புத்தக நடைக்கு மாற்றுவது பெரிய வேலையில்லை.