எஸ்கியூலைட்: சொந்தக் காப்பியா, சிஸ்டம் காப்பியா?

கே: எஸ்கியூலைட் டேட்டாபேஸ் லைப்ரரியின் மொத்த சோர்ஸும் ஒன்றாகச் சேர்ந்த அமால்கமேஷன் ஃபைலை அப்படியே எங்கள் ப்ராஜெக்டுக்குள் போட்டிருக்கிறோம். தப்பா?

ப: இல்லை. எழுதியவர்களே அதைத்தான் சொல்கிறார்கள். இரண்டரை லட்சம் வரி, ஒரே சி ஃபைல், லைசென்ஸ் தொல்லையும் கிடையாது. எந்தப் பதிப்பு என்று மட்டும் எழுதி வையுங்கள்.

கே: ரிடர்னிங் (மாற்றிய வரிகளை அதே கட்டளையில் திருப்பித் தருவது) என் லேப்டாப்பில் ஓடுகிறது, ஆண்ட்ராய்டு 11 போனில் சின்டாக்ஸ் எரர்.

ப: அது 2021இல், எஸ்கியூலைட் 3.35 பதிப்பில் வந்தது. உங்கள் போனில் இருப்பது 3.28. ஆப்போடு சொந்தக் காப்பியை அனுப்புங்கள்.

கே: டேட்டாபேஸ் அடிக்கடி கரப்ட் ஆகிறது. என்ன செய்ய?

ப: எந்த ஓஎஸ், எந்தப் பதிப்பு, ஒன்றும் எழுதாமல் கேட்டால் நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும்?

கே: ப்ரோக்ராமுக்குள் சொந்தக் காப்பி இருக்கிறது, ப்ளகின் சிஸ்டம் லைப்ரரியை லோட் செய்கிறது. இரண்டும் ஒரே ஃபைலைத் திறப்பதில் சிக்கல் உண்டா?

ப: உண்டு, முந்தைய கேள்வி கேட்டவரும் இதைப் படிக்கட்டும். லினக்ஸில் ஒரு ப்ராசஸ் ஒரே ஃபைலை இரண்டு முறை திறந்து ஒன்றை மூடினால், மற்றொன்று வழியாகப் போட்ட லாக்கும் சேர்ந்தே கழன்றுவிடும், போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை ஓஎஸ்களின் பொதுத் தரம்) விதி அப்படி. அதற்காகவே எஸ்கியூலைட் தான் திறந்த ஃபைல்களுக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, லாக் இருக்கும்வரை மூடாமல் தள்ளிப்போடும். காப்பி இரண்டானால் பட்டியலும் இரண்டு, ஒன்று இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. ப்ளகின் சாதுவாக ஃபைலை மூடும், ப்ரோக்ராம் பாதி டிரான்ஸாக்‌ஷனில் லாக் இல்லாமல் நிற்கும், அந்த நேரம் பார்த்து வேறொரு ப்ராசஸ் உள்ளே வந்து எழுதினால் முடிந்தது கதை. நான் இதில் இரண்டு வாரம் தொலைத்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்க்கைத் திட்டி, புது டிஸ்க்கும் வாங்கி, கடைசியில் இரண்டு பக்கமும் சோர்ஸ் ஐடியை (எந்தத் தேதியின் சோர்ஸ் என்று காட்டும் அடையாளம்) அச்சிட்டால் இரண்டு வேறு தேதிகள்! ஒரு ப்ராசஸுக்கு ஒரு காப்பிதான். ப்ளகினையும் உங்கள் காப்பியோடு லிங்க் செய்யுங்கள்.

கே: உள்ளே காப்பி இருப்பதால் டெபியன் லினக்ஸ்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

ப: நியாயம்தான். 2018 டிசம்பரில் எஸ்கியூலைட்டில் மெகல்லன் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, 3.26க்கு மாறினால் போதும் என்றார்கள். சிஸ்டம் காப்பியை மாற்ற ஒரு பேக்கேஜ் போதும், ஊரெல்லாம் புதைந்து கிடக்கும் காப்பிகளை யார் தோண்டுவது? பில்டில் சிஸ்டம் லைப்ரரிக்கும் ஒரு ஆப்ஷன் வையுங்கள். பதிப்பு எண்ணை எழுதினீர்களா?

கே: பெர்க்லி டிபி என்ற இன்னொரு டேட்டாபேஸ் லைப்ரரியையும் இப்படியே சேர்க்கலாமா?

ப: 6.0 முதல் அது ஏஜிபிஎல், அதாவது உங்கள் சோர்ஸையும் திறந்து வைக்கச் சொல்லும் லைசென்ஸ். முதலில் வக்கீலைப் பாருங்கள்.