வகுப்பே சேர்த்து வைத்துப் பேசினால்?

கேள்வி: நான் 11-ஆம் வகுப்பு மாணவி. ஆய்வகத்தில் என்னோடு சேர்ந்து வேலை செய்யும் மாணவன் எனக்கு நல்ல நண்பன். 2 மாதமாக வகுப்பில் எங்களைச் சேர்த்து வைத்து ஓட்டுகிறார்கள். அவன் உள்ளே வந்தால் என்னைப் பார்த்து இருமுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் எங்கள் பெயர்களுக்கு நடுவே இதயம் போடுகிறார்கள். "அவன் எனக்கு அண்ணன் மாதிரி" என்று சொல்லிப் பார்த்தேன், கேலி இன்னும் கூடிவிட்டது. அவனோடு பேசுவதை நிறுத்திவிடட்டுமா?

பதில்: வேண்டாம். நேற்றுவரை பேசியவர்கள் இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் 'பிரேக்கப்' என்று கதை வளரும். 'அண்ணன் மாதிரி' எடுபடாததற்கும் காரணம் உண்டு. பெண்ணும் பையனும் பேசிக்கொள்ள ஓர் உறவுமுறை வேண்டும் என்று நீங்களே ஒப்புக்கொண்டது போலாகிவிட்டது. போதாததற்கு 'அண்ணனாம்!' என்று சிரிக்க ஒரு புதுச் சொல்லும் கிடைத்தது.

ஆல்போர்ட், போஸ்ட்மன் என்ற உளவியலாளர்கள் வதந்தி பரவ இரண்டு நிபந்தனைகளை 1947-இல் சொன்னார்கள்: விஷயம் கேட்பவருக்கு முக்கியமாகப் பட வேண்டும், அதில் தெளிவும் இருக்கக் கூடாது. உங்கள் வயதில் காதல் பேச்சின் சுவாரஸ்யத்தை யாராலும் குறைக்க முடியாது. தெளிவின்மையைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் நண்பனிடம் பேசுங்கள். வழக்கமாகப் பேசும் இடத்திலேயே பேசலாம், ஒளிய வேண்டியதில்லை. யார் கேட்டாலும் இருவரும் ஒரே பதில் சொல்வது, ஒருவருக்காக மற்றவர் சண்டைக்குப் போகாமல் இருப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அவன் உங்களுக்காகப் பொங்கி எழுந்தால் 'ஹீரோ வந்துட்டாரு' என்பார்கள். இருவரில் யாருக்காவது நட்பைத் தாண்டிய எண்ணம் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இருந்தால் தப்பில்லை. ஆனால் அதை மனதில் வைத்துக்கொண்டு வகுப்பில் மறுத்துப் பேசினால் குரலே காட்டிக் கொடுத்துவிடும்.

பதில் இரண்டே சொல்: "நாங்க ஃப்ரெண்ட்ஸ்." குரலை உயர்த்தாதீர்கள், வெட்கச் சிரிப்பும் வேண்டாம். உடனே "அசைன்மென்ட் முடிச்சிட்டியா?" என்று பேச்சை மாற்றுங்கள். பலரும் சறுக்குவது இதற்கு அடுத்த வாக்கியத்தில்தான். "சத்தியமா இல்லப்பா, அன்னிக்கு நாங்க ஏன் ஒண்ணா வந்தோம்னா..." என்று விளக்கம் ஆரம்பித்தால், அதிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பார்கள்.

ஒன்றுக்குத் தயாராக இருங்கள். முதல் சில நாட்கள் இருமல் கூடும். வழக்கமாகக் கிடைத்த கோபமோ கண்ணீரோ கிடைக்காததால் இன்னும் உரக்க முயன்று பார்ப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு நாள் கத்திவிட்டீர்கள் என்றால், விடாமல் ஓட்டினால் பலன் உண்டு என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது போலாகிவிடும்.

யார் முதலில் கிளப்பியது என்று துப்பறிய வேண்டாம், ஆளாளுக்கு இன்னொருவரைக் கை காட்டுவார்கள். அதிகமாக ஓட்டுபவர் யாரோ அவரைத் தனியாகப் பார்த்து, "நீ இருமுறது எனக்குப் பிடிக்கல, நிறுத்திடு" என்று சொல்லுங்கள். கூட்டத்தில் சொன்னால் அவர் கைதட்டலுக்காக இன்னொரு ஜோக் அடிப்பார். "ஏன் இப்படிப் பண்றே?" என்று கேட்டால் "சும்மாதான்" என்பதோடு முடிந்துவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு முறை அதே பதிலைப் போடுங்கள், பிறகு இதயங்களைக் கண்டுகொள்ளாதீர்கள். குழுவைவிட்டு வெளியேறினால் பேச்சு நிற்காது, என்ன பேசினார்கள் என்பதுதான் தெரியாமல் போகும். எல்லை மீறினால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அனுப்பியவரின் பெயர், தேதி, நேரம் தெரிய வேண்டும். தாமதித்தால் அனுப்பியவர் எல்லோருக்குமாக அழித்துவிடலாம்.

எல்லை எது? ஒருவர் மேல் ஒருவரைப் பிடித்துத் தள்ளுவது, பெயரைப் பலகையில் எழுதுவது, உங்கள் இருவர் படங்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒட்டிப் பரப்புவது, 'வீட்ல சொல்லிடுவேன்' என்று மிரட்டுவது. இவை கேலிக் கணக்கில் வராது. நம்பும் ஆசிரியரிடம் போங்கள். எந்த நாள், எங்கே, சொன்ன வார்த்தை என்ன, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதி எடுத்துப் போங்கள். "எல்லாரும் கிண்டல் பண்றாங்க மிஸ்" என்று மட்டும் சொன்னால் அவர் யாரைக் கூப்பிட்டு விசாரிப்பார்? ஒட்டு வேலை செய்த படமாக இருந்தால், ஆதாரத்துக்காகக்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள், போனை நேரில் காட்டுங்கள்.

வேறு வாய் வழியாகப் போவதற்கு முன் வீட்டில் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. "வகுப்புல இப்படி ஓட்டுறாங்க. அவன் என் ஃப்ரெண்டுதான். நான் இப்படிச் சமாளிச்சுட்டிருக்கேன். இப்போதைக்கு நீங்க தெரிஞ்சு வெச்சுக்கிட்டா போதும்மா." அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் அப்பா மறுநாளே அந்தப் பையன் வீட்டு வாசலில் நிற்கலாம்.

கேள்வி: என் வகுப்புத் தோழர்கள் இருவரைப் பற்றி நான்தான் விளையாட்டாக ஆரம்பித்தேன். இப்போது அந்தப் பெண் அழுகிறாள். எப்படி நிறுத்துவது?

பதில்: எங்கே, யார் முன்னால் சொன்னீர்களோ அங்கேயே, அவர்கள் முன்னாலேயே திரும்பப் பெறுங்கள்: "நான் சொன்னது விளையாட்டு, உண்மை இல்ல." குழுவில் போட்டிருந்தால் குழுவிலும் எழுதுங்கள். யாராவது "நெருப்பில்லாம புகையுமா?" என்று கேட்டால், கொளுத்தியது நீங்கள்தான் என்று சொல்லிவிடுங்கள். இருவரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேளுங்கள். உடனே மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடுத்த முறை யாராவது இருமினால் நீங்கள் சிரிக்கிறீர்களா என்று அந்தப் பெண் பார்ப்பாள்.