நூறோடு நிறுத்தலாமா?

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகன், 4294967297 ஒரு பகா எண் என்று சாதிக்கிறான். 100 வரை உள்ள பகா எண்கள் அத்தனையாலும் கால்குலேட்டரில் வகுத்துப் பார்த்தானாம். ஒன்றும் சரியாக வகுக்கவில்லையாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பந்தயம் ஒரு மசால் தோசை. தீர்ப்பு யார் பக்கம்?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: தோசை உங்களுக்குத்தான், அம்மா. ஆனால் பையனைக் கடிந்துகொள்ளாதீர்கள். இதே எண்ணில் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவே சறுக்கியிருக்கிறார். நானும் சறுக்கியிருக்கிறேன்.

2, 4, 16, 256, 65536 – ஒவ்வொன்றும் முந்தையதன் வர்க்கம். ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். இந்த வரிசையில் வருபவை எல்லாமே பகா எண்கள்தான் என்று 1640இல் ஃபெர்மா நம்பினார். நிரூபணம் கையில் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். அதுவரைக்கும் நேர்மை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இந்த ஐந்தையும் கரும்பலகையில் எழுதி, பகா எண் காய்க்கும் மரம் என்று பெருமையடித்தேன். "அடுத்த காய் எது சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். உங்கள் மகனின் எண்ணை எழுதி, அதுவும் பகா எண்தான் என்று கூசாமல் சொல்லிவிட்டேன். இரவு உறுத்தல் தாங்காமல் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தேன். 200ஐத் தாண்டியதும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். இன்னும் 70 பகா எண்கள் போயிருந்தால் ஆள் அகப்பட்டிருப்பான். அவன் பெயர் 641.

1732இல் அவனைப் பிடித்தவர் சுவிஸ் கணித மேதை ஆய்லர். அப்போது அவருக்கு வயது 25. முறைப்படி பார்த்தால் இந்த எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது 65536 வரை உள்ள 6542 பகா எண்களையும் சோதிக்க வேண்டும். உங்கள் மகன் பார்த்தது 25. ஆனால் இந்த எண்ணின் எந்தக் காரணியையும் 64ஆல் வகுத்தால் மீதி 1தான் வரும். இதை ஆய்லர் பிற்பாடு நிறுவிக் காட்டினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே கதை முடிந்தது! நான் அன்றிரவு 2, 3, 5, 7 என்று மாடு மேய்த்துக்கொண்டிருந்தேன்.

கால்குலேட்டரை ஓரம் வைத்துவிட்டு மகனைக் கையாலேயே வகுக்கச் சொல்லுங்கள். 4294இல் 641 ஆறு முறை, மீதி 448. 9ஐ இறக்கினால் 4489. ஏழு முறை, மீதி 2. அடுத்து 26, 267. ஈவில் இரண்டு பூஜ்யம். 2672இல் நான்கு முறை, மீதி 108. 1089இல் ஒரு முறை, மீதி மறுபடியும் அதே 448! இப்போது இறங்குவது 9 அல்ல, 7. 4487. ஏழு முறை, மீதி இல்லை. முதலில் இரண்டு மிஞ்சிய இடம் கடைசியில் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போவதை அவன் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஈவு 6700417. அதுவாவது பகா எண்ணா என்று கேட்பான். ஆம். அதைச் சோதிக்க 2588 வரை போனால் போதும். அதன் காரணி எதுவும் பெரிய எண்ணுக்கும் காரணிதான் என்பதால், 65, 129, 193 என்று 64 தாவலில் போனால் மொத்தமே 40 எண்கள். தோசை வருவதற்குள் பாதியாவது முடித்துவிடுவான்.